கிராப்ஸ் மேசைக்குப் போகுமுன்

டர்பன் மக்களே, ஸ்லாட் மெஷினை விட்டு கிராப்ஸ் (இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகைமேல் பந்தயம் கட்டும் ஆட்டம்) பக்கம் போகிறவர்களுக்கு முதலில் பாஸ் லைன் என்ற பந்தயம் ஒன்று போதும். முதல் வீச்சில் 7, 11 விழுந்தால் வெற்றி. 2, 3, 12 என்றால் பணம் போச்சு. வேறு எண் எதுவானாலும் அதுதான் பாயிண்ட். 7க்கு முன்னால் அது மறுபடி விழ வேண்டும். கேசினோவின் அனுகூலம் (பந்தயத் தொகையில் சராசரியாக அதற்குப் போகும் பங்கு) 1.41%.

பாயிண்ட் வந்ததும் பாஸ் லைன் பந்தயத்துக்குப் பின்புறம் ஆட்ஸ் (பாயிண்ட் விழும் என்ற கூடுதல் பந்தயம்) வையுங்கள். கேசினோவுக்கு அதில் லாபமே இல்லை (அதற்குப் பெயர்போட்ட கட்டம் மேசையில் இல்லாதது சும்மாவா!). 4, 10க்கு 2:1. 5, 9க்கு 3:2. 6, 8க்கு 6:5. அதாவது 8க்கு 50 ராண்ட் வைத்தால் லாபம் 60. கணக்கு ஒட்டாத தொகை வைத்தால் மிச்சத்தைப் பொதுவாகக் குறைத்தே தருவார்கள்.

மேசை நடுவில் இருக்கும் 'எனி செவன்' (அடுத்த வீச்சிலேயே 7 விழும் என்ற பந்தயம்) 4:1 கொடுக்கும், அனுகூலம் 16.67%. தொடாதீர்கள்.

பகடையை ஒரே கையால் எடுத்து, எதிர்ச் சுவரில் படும்படி வீசுங்கள். பணத்தை டீலர் கையில் நீட்டாமல் மேசைமேல் வையுங்கள்.