காலில் மறுபடியும் ரத்தக்கட்டி: டெஸ்ட் எப்போது எடுப்பது?

கெண்டைக்கால் இரண்டாம் முறையும் வீங்கி, டாப்ளர் ஸ்கேனில் ஆழ்சிரையில் கட்டி என்று வந்ததும், "ரத்தத்துலயே ஏதோ கோளாறு, எல்லா டெஸ்டும் எடுத்துருங்க" என்று அட்மிட் ஆன அன்றே வீட்டார் கேட்பார்கள். அன்றைக்கு எடுத்தால் பாதிப் பணம் வீண். ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் புரதங்களான புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் மூன்றும் கட்டி உருவாகும்போதே செலவாகிக் குறைந்திருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி ஆன்டித்ராம்பினை மேலும் இறக்கும்; அதே வேலைக்கான வார்ஃபரின் மாத்திரை மற்ற இரண்டையும் இறக்கும். பிறவிக் குறை இல்லாதவருக்கும் ‘குறைவு’ என்று ரிப்போர்ட் வரலாம். ரத்தம் எளிதில் உறையவைக்கும் பிறவி மாற்றமான ஃபேக்டர் ஃபைவ் லைடன் மாதிரி மரபணு டெஸ்டுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

சரியாகப் பார்க்க வார்ஃபரினை நிறுத்திக் குறைந்தது 2 வாரம் ஆகவேண்டும். டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. கட்டி நுரையீரலுக்கு ஏறிவிடக்கூடும். காரணமே இல்லாமல் இரண்டு முறை வந்தவருக்கு, ரிப்போர்ட் எப்படி வந்தாலும் மாத்திரை பெரும்பாலும் தொடரத்தான் போகிறது. மருந்தையே மாற்ற வைப்பது ஆன்டிபாஸ்போலிப்பிட் டெஸ்ட்தான்; ரத்தத்தை உறையவைக்கும் எதிர்ப்பொருள்கள் உடலில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. அந்த டெஸ்டின் மூன்று பகுதியும் (லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன்) பாசிட்டிவ் என்றால் ரிவராக்சபான் என்ற புது மாத்திரை வேண்டாம், வார்ஃபரின்தான். ஒருமுறை பாசிட்டிவ் வந்தது போதாது. 12 வாரம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும். விசைப்படகுக்காரர்கள் இந்த இரண்டு டெஸ்டையும் மீன்பிடித் தடைக்காலத்தில் முடித்துவிடப் பார்ப்பார்கள். தடை 61 நாள், 12 வாரம் 84 நாள்; அதற்குள் அடங்காது. மார்ச் நடுவில் முதல் டெஸ்ட் கொடுத்தால் ஜூன் முதல் வாரத்துக்குப் பிறகு இரண்டாவது. தடை முடிய ஜூன் 14 வரை நேரம் இருக்கிறது.

ரத்தம் எடுப்பது நீல மூடி டியூபில். உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 0.3 மி.லி., ரத்தம் 2.7 மி.லி., கோடு வரை. குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி, உறையும் நேரம் பொய்யாக நீளும். மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்தால் போதும், குலுக்கக்கூடாது. மீன் பெட்டி பழக்கத்தில் டியூபை ஐஸில் புதைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர் பட்டால் ஃபேக்டர்கள் என்கிற உறைவுப் புரதங்கள் மாறிவிடும். 4 மணி நேரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரிக்கவேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ரோட்டிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ஆளே மதுரை போய்க் கொடுப்பது மேல்.

வார்ஃபரினில், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கவேண்டும். முருங்கைக்கீரையில் இருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கும்; அதற்காக அதை அடியோடு விடவேண்டாம். வாரம் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். வம்பு வேறிடத்தில்: வலை இழுத்த முதுகுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக். வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். மலம் தார் மாதிரி கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.