கணக்கில் வராத வீடுகள்

ஞாயிறு இரவு போன் வரும். எங்கள் வட்டாரத்துக்குத் தலைவராக இருக்கும் எல்டர் (எங்கள் சபையில் ஆண் ஊழியரை அப்படித்தான் அழைப்போம்) அந்த வாரக் கணக்கைக் கேட்பார். எத்தனை பாடம் நடத்தினீர்கள், ஆராதனைக்குப் புதிதாக எத்தனை பேர் வந்தார்கள், ஞானஸ்நானத்துக்கு எத்தனை பேர் நாள் குறித்திருக்கிறார்கள். நாங்கள் எண்களைச் சொல்வோம், அவர் எழுதிக்கொள்வார். பிலிப்பைன்ஸின் லெய்டே தீவில், தக்லோபான் நகரத்தை ஒட்டிய ஊர்களில் நான் ஊழியம் செய்த காலம் முழுக்க அந்த போன் தவறியதில்லை. கணக்கு கேட்டதில் எனக்கு வருத்தம் கிடையாது. எந்த வேலைக்கும் கணக்கு வேண்டும்தான். ஆனால் அங்கே எனக்கு நெருக்கமானவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த எண்களில் எதிலும் வராதவர்கள். அவர்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மோர்மன் என்று வெளியில் சொல்லப்படும் எங்கள் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. தலைமையகம் இப்போது யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில். தமிழ்நாட்டில் எங்களைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனாலும் 1965இல் ஞானஸ்நானம் பெற்ற பால் திருத்துவதாஸ் கோயம்புத்தூரில் வளர்த்த சிறு கூட்டம், இந்தியாவில் சபையின் ஆரம்பங்களில் ஒன்று. நானும் அந்த ஊர்க்காரன். எங்கள் இளைஞர்கள் பதினெட்டு வயதுக்கு மேல் 24 மாதம், சபை எங்கே அனுப்புகிறதோ அங்கே போய், சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்வது வழக்கம். எனக்கு வந்த கடிதத்தில் தக்லோபான் என்று இருந்தது. வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடித்தேன். மணிலாவில் பயிற்சி முடித்து 2016இல் அங்கே போய் இறங்கினேன்.

அப்போது விதிகள் நிறைய. காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்குப் படுக்க வேண்டும். ஜோடியாகக் கூடவே இருக்கும் சக ஊழியனை, அதாவது கம்பானியனை விட்டு எங்கும் தனியாகப் போகக் கூடாது. திங்கட்கிழமை துணி துவைத்து, கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து வீட்டுக்கு மெயில் எழுதலாம். அம்மாவின் குரலைக் கேட்பது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். (வாராவாரம் பேசலாம் என்ற அனுமதி 2019இல்தான் வந்தது, அதற்குள் நான் ஊர் திரும்பிவிட்டேன்.) ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் பட்டியல் வரும். பெயர் இருந்தால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பெட்டியைக் கட்ட வேண்டும். ஒரு தெருவில் நாய்கள் குரைப்பதை நிறுத்தும் நேரத்துக்கு வேறு ஊருக்குப் போயிருப்போம். நட்பு முளைக்க இந்த வேலை இடமே கொடுக்காது என்றுதான் முதலில் நினைத்தேன்.

தக்லோபானை அடுத்த பாலோ பக்கம் ஒருவர் இருந்தார். அண்ணனை அழைப்பதுபோல் எல்லோரும் அவரை மானோ என்பார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம். தென்னங்கள் இறக்குகிறவர். அங்கே கள்ளுக்குத் துபா என்று பெயர். கண்டல் மரப்பட்டைத் தூளைக் கலப்பதால் செங்கல் நிறத்தில் இருக்கும். காலையும் மாலையும் மரம் ஏறுவார். மரத்தில் படிபோல வெட்டு வைத்திருப்பார்கள். முதுகில் நீளமான மூங்கில் குழாய், இடுப்பில் வளைந்த கத்தி. ஏறி உட்கார்ந்ததும் முதலில் பாளையை விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு காகிதக் கனத்துக்கு ஒரே ஒரு சீவல். எனக்கு அது புதிதில்லை. என் அம்மாவின் ஊர் பேராவூரணி. தென்னந்தோப்பில் வளர்ந்த பாதிப் பிள்ளை நான். பாளையைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டேன், அவர் மரத்திலிருந்தே குனிந்து பார்த்துச் சிரித்தார். பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது, வேதபுத்தகத்தில் இல்லை.

மாலையில் அவர் வீட்டு முன்னால் ஆண்கள் வட்டமாக உட்காருவார்கள். ஒரே கிளாஸ் கைமாறிக்கொண்டே வரும். ஞான வார்த்தை என்று நாங்கள் சொல்லும் சபை விதிப்படி மது, புகையிலை, காபி, தேயிலை எதுவும் தொடக் கூடாது. முதல் நாள் கிளாஸ் என் முன்னால் வந்தபோது வட்டமே அமைதியானது. மானோ அதை வாங்கித் தான் குடித்துவிட்டு, ஒரு இளநீரை வெட்டி என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு என் முறை வந்தால் இளநீர், என் கம்பானியனுக்கும் இளநீர். ஏன் குடிக்க மாட்டாய் என்று அந்த வட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த மரியாதையை நான் வேறெங்கும் அப்படி அனுபவித்ததில்லை.

2013 நவம்பர் 8 அன்று யோலாண்டா புயல் அந்தக் கரையை அடித்தது. ஹையான் என்று உலகம் சொன்னது அதைத்தான். அரசுக் கணக்கில் 6,300 பேர் இறந்தார்கள். கடல் எழும்பி வந்து தக்லோபானின் அனிபோங் பகுதியில் கப்பல்களையே குடியிருப்புக்குள் தூக்கிப் போட்டது; அதில் ஒரு கப்பலின் முகப்பை இன்றும் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். மானோவின் தங்கை அனிபோங்கில் இருந்தவர். அவரைப் பற்றி மானோவாகப் பேசியது ஒருமுறைதான். ஆண்டுதோறும் அந்த நாளில் வாசலிலும் சாலையோரமும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இரவானால் நாங்கள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதனால் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே எங்களை வரச்சொல்லி ஆளனுப்பினார். காற்றில் திரி அணைந்துகொண்டே இருந்தது. தகர டப்பாவை மறைப்பாக வைத்து, என் கையில் தீப்பெட்டியைக் கொடுத்து, "நீ ஏத்து எல்டர், அவளுக்கு உன்னைப் பிடிச்சிருக்கும்" என்றார். ஏற்றினேன். இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் எங்கள் சபையில் இல்லை. ஏற்றலாமா என்ற கேள்வி எனக்குள் எழவே இல்லை.

ஒருநாள் அவரே கேட்டுவிட்டார். "நான் உன் சர்ச்சுக்கு வரப்போறதில்ல. சாந்தோ நீஞ்யோவை விட்டு நான் எங்கயும் வர மாட்டேன். அப்புறமும் வருவியா?" தக்லோபானின் காவல் தெய்வம்போல அவர்கள் கொண்டாடும் குழந்தை இயேசுதான் சாந்தோ நீஞ்யோ. ஜூன் 30 திருவிழா அன்று ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தட்டு நீட்டுவார்கள்.

வருவேன் என்றேன். அதைக் காப்பாற்றுவது லேசாக இல்லை. கேட்க விருப்பமுள்ளவர்களோடு நேரத்தைச் செலவிடுங்கள் என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது, அதில் நியாயமும் உண்டு. அப்போது என்னோடு இருந்த கம்பானியன் பிலிப்பைன்ஸின் இலோயிலோ ஊர்ப் பையன், கடும் உழைப்பாளி. "அவர் வர மாட்டார்னு அவரே சொல்லிட்டார். அந்த நேரத்துல வேற ரெண்டு வீடு பார்க்கலாமே" என்பான். நான் விசுவாசிக்கும் செய்தி உண்மை என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அதை ஒருவரிடம் சொல்ல ஆசைப்படுவது அன்பினால்தான். ஆனால் அவர் வேண்டாம் என்று சொன்ன மறுநாள் என் கால் அந்தத் தெருவுக்குப் போகவில்லை என்றால், அதற்கு முன் குடித்த இளநீருக்கெல்லாம் என்ன பெயர்? இதை ஜெபத்தில் வைத்தேன். கம்பானியனோடும் பேசினேன். வாரத்தில் சில மணி நேரம் ஊருக்கு உதவி செய்ய எங்களுக்கு அனுமதி உண்டு. அதை மானோவின் தோப்புக்குக் கொடுத்தோம். யோலாண்டாவில் 3 கோடிக்கும் மேற்பட்ட தென்னைகள் சேதமானதாகச் சொல்வார்கள். அவர் நட்ட புதுக் கன்றுகளுக்கு நடுவே களை எடுத்தோம், பலகை சுமந்தோம். கம்பானியன் என்னைவிட வேகமாகக் களை எடுத்தான்.

மீன் சந்தையில் கருவாடு விற்ற ஒரு நனாயும் உண்டு, அங்கே அம்மாவை அப்படி அழைப்பார்கள். மகன் சவுதியில். எங்களுக்குக் காபி கொடுக்க முடியாது என்று தெரிந்ததிலிருந்து மைலோ பாக்கெட் வாங்கி ஆணியில் தொங்கவிட்டிருப்பார். என் சித்தப்பா தம்மாமில் வேலை பார்க்கிறார் என்று சொன்ன நாளிலிருந்து, அங்கே வெயில் எப்படி, மெஸ்ஸில் சோறு போடுவார்களா, லீவு எப்போது தருவார்கள் என்று என்னையே கேட்பார். தெரிந்ததைச் சொல்வேன். மகன் அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டி வந்த அன்று எங்களைக் கூப்பிட்டு, சோப்பு, டின் மீன், சாக்லேட் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். வேதம் படிக்கலாமா என்று கேட்டால், "முதல்ல சாப்பிடு" என்பார். சாப்பிட்டு முடிக்கும்போது நேரமாகியிருக்கும்.

என் பெயர் டிரான்ஸ்ஃபர் பட்டியலில் வந்தது, போனேன். பிறகு 2018இல் ஊருக்கும் திரும்பினேன். அந்த ஆண்டு நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை விழுந்தது. மாமாவின் மரங்களில் நின்றவற்றை விரல்விட்டு எண்ணலாம். நான் முகநூலில் போட்ட படத்தை மானோவின் மகன் பார்த்திருக்கிறான். அன்று மாலையே மெஸஞ்சரில் அழைப்பு. மானோ ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. விழுந்த மரத்தை அப்படியே போட்டு வைக்காதே, மட்கினால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும், பிறகு நடுகிற கன்றையும் தின்றுவிடும் என்றார். அடிமரம் கெட்டி, தூணுக்கும் பலகைக்கும் ஆகும், ஈரத்தில் கெடுவதற்குள் அறுக்கச் சொல் என்றார். நுனிப்பக்கம் எதற்கும் உதவாது, பிளந்து எரித்துவிடு. கன்று காய்க்கும்வரை நடுவில் வாழையும் சர்க்கரைவள்ளியும் போடு. ஐந்து வருஷத்துக்கு முன் அவர் தன் தோப்பில் செய்தவை அவை.

மாமா பக்கத்தில்தான் இருந்தார். போனை வாங்கி, யார் இவர் என்றுகூடக் கேட்காமல், "குட்டை ரகமா நெட்டை ரகமா, எது வெச்சாராம்?" என்றார். நான் அவர்கள் ஊர் மொழியான வாராயில் கேட்டேன். பதில் வந்தது. அடுத்த கேள்வி வந்தது. பேச்சு நடுவில் மானோ, உங்கள் ஊரில் துபா என்ன விலை என்றார். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, மாமாவைக் கேட்கச் சொன்னார். மாமா தலையாட்டினார். அப்படியானால் இத்தனை மரத்தையும் வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறீர்கள் என்று மானோ கேட்க, தேங்காய், கொப்பரை, கயிறு என்று மாமா சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். பாதிச் சொல்லுக்கு எனக்கு வாராய் தெரியவில்லை. மாமா ஒரு மட்டையை எடுத்துக் கேமராவுக்கு நேராக உரித்துக் காட்ட ஆரம்பித்தார்.