மணிமுடியில் உட்கார்ந்த மாலுமி

எகிப்தின் தெற்கே, அஸ்வானிலிருந்து அதிகாலை நாலு மணிக்கு வேன் கிளம்பியது. பழங்காலக் கோயில் இருக்கும் அபு சிம்பெல் சுமார் 280 கிலோமீட்டர், வழியெல்லாம் பாலைவனம். மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். என் மடியில், பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு பழைய படத்தின் நகல். 1850-இல் மக்ஸீம் து காம் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்தது. அபு சிம்பெலில், பண்டைய எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்சேஸின் பிரம்மாண்டமான சிலை ஒன்று மணலில் புதைந்து கிடக்கிறது. அதன் மணிமுடி மேல் ஒரு மனிதர், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. அவருக்காகத்தான் இவ்வளவு தூரம் போனேன்.

1839-இல் டாகேரின் புகைப்பட முறையைப் பற்றிப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பேசிய விஞ்ஞானி அராகோ, எகிப்தைத்தான் உதாரணம் காட்டினார். தீப்ஸ், மெம்ஃபிஸ், கர்னாக் சுவர்களில் இருக்கும் லட்சக்கணக்கான சித்திர எழுத்துகளைக் கையால் வரைந்து முடிக்க ஓவியர் கூட்டமே பல வருஷம் உழைக்க வேண்டும். இந்தக் கருவி இருந்தால் ஒரே ஆள் போதும் என்றார். பத்து வருஷம் கழித்து அந்த ஒரே ஆளாக வந்து இறங்கியவர்களில் ஒருவர் து காம். வயது 27. பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் பணி ஆணை கையில். கூட வந்த நண்பர் குஸ்தாவ் ஃப்ளோபேர். நாவலாசிரியராகப் பேர் வாங்கியது அதற்குப் பிறகு.

து காம் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். வெள்ளி உப்பு ஏற்றிய காகிதத்தைக் கேமராவில் வைத்து, நல்ல வெயிலிலும் நிமிஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். வெள்ளி நைட்ரேட் பட்டால் விரல்கள் கறுத்துப் போகும். தண்ணீர், ரசாயனம், கூடாரம் எல்லாம் நைல் நதிப் படகில் கூடவே வந்தன. காகிதத்தின் நார் படத்திலும் இறங்கிவிடுவதால், கல்லும் மணலும் தொட்டால் சொரசொரக்கும்போல் தெரிகின்றன. எனக்கு அந்தப் படங்கள் இவ்வளவு பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, மணிமுடியில் இருப்பவர் யார்? படகு மாலுமி ஹாஜி இஸ்மாயில். நூபியர், அதாவது தெற்கு எகிப்து, சூடான் பக்கத்து நைல் கரை மக்களில் ஒருவர். சிலையும் தூணும் எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டுமே, அதற்காக து காம் அவரையே அளவுகோலாக்கி இடிபாடுகளில் ஏறச் சொன்னார். ஆனால் அசையாமல் இருக்க வேண்டும். அதற்கு ஒரு பொய் சொன்னார்: கேமராவில் நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் குழாய் ஒரு பீரங்கி, நீ அசைந்தால் வெடித்துவிடும். இதைத் தன் நினைவுக் குறிப்பில் வேடிக்கைபோல எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உச்சிவெயிலில், குண்டு பாயும் என்று நம்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் பயம் அந்தப் படத்துக்குள் இருக்கிறது. பெயரையாவது எழுதிவைத்தாரே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

எடுத்தவை 200-க்கும் மேல். அவற்றில் 125 படங்கள் 1852-இல் நூலாக வந்தன. அச்சிட்டவர் லீல் நகரத்து பிளாங்கார்-எவ்ரார். அதற்கு முன்பே, பெய்ரூட்டில், து காம் கேமராவைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குத் துணி வாங்கிக்கொண்டார். அத்தோடு புகைப்படத்தை விட்டுவிட்டார்.

அபு சிம்பெலில் குன்றின் பின்பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும். திரும்பியதும் நான்கு ராம்சேஸ்களும் எதிரே, ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்தில், காலை வெயில் முகத்தில் அடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாவது சிலையின் தலை உடைந்து காலடியில் கிடக்கிறது. மணல் துளிகூட இல்லை. இஸ்மாயில் ஏறிய இடமும் இது இல்லை. அஸ்வான் உயர் அணைக்காக 1964 முதல் 1968 வரை கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் மேலே கொண்டுவந்து பொருத்தினார்கள். பழைய கரை, அணையால் உருவான நாசர் ஏரிக்கடியில். அவர் உட்கார்ந்த கல் மட்டும் மேலே வந்துவிட்டது.

வாசலில் அங்க் (தலையில் வளையம் உள்ள எகிப்தியச் சிலுவைச் சின்னம்) வடிவப் பெரிய சாவியோடு ஒரு காவலர் நின்றார். கலாபியா என்ற வெள்ளை நீள அங்கி, தலைப்பாகை. ராம்சேஸின் கால் பக்கத்தில் அவர் நின்றதும்தான் எனக்கு உயரமே உறைத்தது. படத்தை நீட்டினேன். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மணிமுடியில் விரலை வைத்து, யார் என்பதுபோல் தலையை அசைத்தார்.

“ஹாஜி இஸ்மாயில். நூபி” என்றேன்.

“நூபி?” என்று திரும்பக் கேட்டவர், தன் நெஞ்சில் கைவைத்துக் காட்டினார். அப்புறம் உள்ளே இருந்த இன்னொரு காவலரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டார். இரண்டு பேரும் படத்தை வெயிலில் பிடித்துக்கொண்டு, ஒரு முறை அதையும் ஒரு முறை மேலே இருந்த தலைகளையும் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார்கள். நகலை அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.