ஒன்பது கோட்டில் ஒரு தேத்தண்ணி

போன வருஷம் ஐப்பசி மழையோடு எங்கள் தேயிலை பெக்டரிக்கு ஒரு கலர் சோட்டர் வந்தது. இலங்கை மலைநாட்டுத் தலவாக்கலையிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில் லொறி மாட்டிக்கொண்டு, பாதி வழியிலிருந்து டிராக்டர் வைத்துத்தான் இழுத்து வந்தார்கள். தேயிலையைச் சலித்துப் பிரிக்கிற சிப்டிங் அறையில் இறக்கி வைத்ததும், ரோதைக்கு, அதாவது மெசின்களுக்குக் காவலான ரோதைமுனிக்குத் தேங்காய் உடைத்தோம். காய்ந்த தேயிலைக்குள் கிடக்கிற காம்பையும் நாரையும் கேமராவால் பார்த்து, காற்றால் ஊதித் தள்ளுகிற மெசின் அது. இருபத்திரண்டு வருஷமாகச் சிப்டிங்கில் நிற்கிறவன் நான். அக்காமார் சாக்கில் உட்கார்ந்து காம்பு பொறுக்கின காலமெல்லாம் கண்ணுக்குள் நிற்கிறது.

மெசினின் ஸ்கிரீனில் ஆங்கிலம் வந்தது. காற்றுக் குழாயின் வால்வில் மட்டும் சீன எழுத்துத்தான், அதுவும் இரண்டே இரண்டு. ஒன்றில் இரண்டு கிடைக்கோடு, மேல் கோட்டில் தொடங்கிக் கீழ்க் கோட்டை ஊடறுத்து இறங்குகிற இரண்டு கால். மற்றதில் உச்சியில் இரண்டு பொட்டு, கீழே இரண்டு கிடைக்கோடு, அதற்கும் கீழே விரித்து வைத்த கால்கள். முதலாவது ‘திற’, மற்றது ‘மூடு’. மெசினைப் பொருத்த வந்த சீனத் தம்பி போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். நான் கொப்பியில் கீறி வைத்துக்கொண்டதைப் பார்த்ததும், என் பேனையை வாங்கிப் பக்கத்திலேயே அவற்றின் பழைய வடிவத்தையும் எழுதினார்.

பழைய ‘திற’வில் ஒரு கதவு இருக்கிறது. இரண்டு பலகையும் தெரிகிற இரட்டைக் கதவு. அதற்குள்ளே குறுக்குத் தாழ்ப்பாள், தாழ்ப்பாளைத் தூக்குகிற இரண்டு கை. மொத்தம் 12 கோடு. 1956இல் சீன அரசாங்கம் எழுத்துகளை எளிமையாக்கியபோது கதவைக் கழற்றிவிட்டு, உள்ளே இருந்த 4 கோட்டை மட்டும் மிச்சம் வைத்தது. ‘மூடு’ 19 கோட்டிலிருந்து 6 ஆகி, அதுவும் கதவை இழந்துவிட்டது. தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்றைக்கும் கதவோடுதான் எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கதவு போனதில் மனவருத்தம்தான். தம்பியிடம் சொன்னேன். தன்னுடைய பாட்டி வளர்ந்த பிறகுதான் எழுதப் படித்தார், கோடு குறைந்திருந்ததால்தான் அவரால் முடிந்தது என்றார். என் அப்பாயி கடைசி வரைக்கும் கைநாட்டுத்தான். அதற்கு மேல் கதவைப் பற்றி நான் பேசவில்லை.

அவர் கிளம்புகிற அன்று நடந்ததுதான் என்னை இதற்குள் இழுத்துப் போட்டது. சாம்பிள் தட்டில் டஸ்ட் என்கிற நுண்ணிய தேயிலைத் தூளைப் பரப்பி வைத்திருந்தேன். அவர் சுட்டுவிரலால் அதில் எழுதினார். முதலில் ஒரு கிடைக்கோடு, அதை வெட்டி இரண்டு குட்டிக் கோடு. அது புல். அதற்குக் கீழே இரண்டு பக்கமும் சரிந்து இறங்குகிற கூரை மாதிரி இரண்டு கோடு. அது மனிதன். கடைசியாக ஒரு கிடைக்கோடு, நடுவே ஒரு நெடுங்கோடு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிறு கோடு. அது மரம் மாதிரி. ஒன்பது கோடு. “சா” என்றார். தேயிலை.

மேலே செடி, கீழே மரம், நடுவே ஆள். கொழுந்து பறிக்கப் போகிற என் தங்கச்சியை மலையில் பார்த்தால், மேலும் கீழும் மாறி, இப்படித்தான் இருக்கும்: இடுப்புக்குக் கீழே தேயிலை மறைத்திருக்கும், தலைக்கு மேலே சவுக்கு மரம். எழுத்தறிந்தவர்கள் இந்த விளக்கத்தை ஏற்பதில்லை என்று பிறகு படித்தேன். நடுவில் இருப்பது முதலில் ஆளாக இருக்கவில்லையாம். இந்த எழுத்துக்கு முந்தியது, கசப்புக் கீரை ஒன்றைக் குறித்த பத்துக் கோட்டு எழுத்து. தேயிலையையும் அதே எழுத்தில்தான் எழுதி வந்தார்கள். தாங் வம்சக் காலத்தில் (618–907) ஒரு கோட்டை எடுத்துவிட்டுத் தேயிலைக்கென்று தனி எழுத்தை நிலைநிறுத்தினார்கள். அந்த 8ஆம் நூற்றாண்டில்தான் லூ யூ என்பவர் தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதினார். இந்த எழுத்தைச் சிலர் புல்லோடு எழுதுகிறார்கள், சிலர் மரத்தோடு, சிலர் இரண்டோடும் என்று அதில் குறித்து வைத்திருக்கிறார். தேயிலை செடியா மரமா என்பது எங்கள் தோட்டத்திலும் தீராத பேச்சு. கவ்வாத்து வெட்டாமல் விட்ட பழைய விதைத் தேயிலை கூரை உயரத்துக்கு நிற்பதை இங்கே யாரும் போய்ப் பார்க்கலாம்.

வயதுக்கும் இந்த எழுத்து உண்டு. ஜப்பானிலும் சீனாவிலும் 108 வயதைத் ‘தேயிலை வயது’ என்பார்கள். சீனத்தில் பத்து என்றால் கூட்டல் குறி மாதிரி ஒரு எழுத்து. மேலே உள்ள புல்லை இரண்டு பத்தாக எடுத்தால் 20. கீழே உள்ளதைப் பிரித்தால் எட்டு, பத்து, எட்டு; அதைச் சேர்த்து வாசித்தால் 88. இரண்டையும் கூட்டினால் 108. நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிற நமக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

ஆனால் நான் தூங்காமல் யோசித்தது அந்த எழுத்தின் ஓசையைப் பற்றித்தான். நம் எழுத்தைப் பார்த்தால் வாய் தானாகச் சொல்லிவிடும். சீன எழுத்து அப்படி ஓசையைக் கட்டிப்போடுவதில்லை. அதே ஒன்பது கோட்டைப் பெய்ஜிங்காரர் ‘சா’ என்று வாசிக்கிறார், ஃபூஜியான் கடற்கரைக்காரர் ‘தே’ என்று வாசிக்கிறார். அந்தக் கடற்கரைப் பேச்சிலிருந்து டச்சுக்காரர் கப்பலில் ஏற்றியது ‘தே’. மக்காவ் வழியாகப் போர்த்துக்கீசர் எடுத்தது ‘சா’. தரைவழியாகப் போனதும் ‘சா’தான், இந்தியில் ‘சாய்’ ஆனது. மலையாளத்துச் சாயாவும் அந்தப் பக்கத்து உறவு. ஆங்கிலத்து டீயும், சிங்களத்துத் ‘தே’யும், நம்முடைய தேயிலையும் தேத்தண்ணியும் கடற்கரைப் பக்கம். காலை ஐந்து மணிக்குத் தோட்டத்து லய வீட்டில் அடுப்பை மூட்டி “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்று அம்மா சொல்கிற சொல்லின் முதல் எழுத்து ஃபூஜியான் துறைமுகத்தில் கப்பலேறியது.

இன்னும் இருக்கிறது. நாங்கள் நாள் முழுக்கச் சாக்கில் அடிக்கிற தேயிலைத் தரப் பெயர் ‘பெக்கோ’வும் சீனம்தான். ‘வெள்ளைப் பூமயிர்’ என்று பொருள். இளங்கொழுந்தின் அடியில் வெள்ளையாகப் படர்ந்திருக்கிற அந்த மெல்லிய மயிர். விரல் நுனியால் தடவினால் தெரியும். ‘சூச்சோங்’ என்றால் சிறு வகை. இலங்கைத் தேயிலைக்குச் சீனத்தில் பழைய பெயர் ‘சீலான் சிவப்புத் தேயிலை’. நாம் கறுப்பு என்பதை அவர்கள் சிவப்பு என்கிறார்கள். கண்ணாடிக் கிளாசில் பிளேன்டீயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம். ‘சீலான்’ என்ற ஓசைக்கு அவர்கள் எடுத்த இரண்டு எழுத்தின் பொருள் வெள்ளீயமும் ஓர்க்கிட் பூவும். வெளிநாட்டுப் பெயரை அதன் ஓசையிலேயே எழுதுவதானால் அதற்காகப் பொருளுள்ள எழுத்தைக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஓசைக்குக் கடன் வாங்குவது அந்த எழுத்தின் ஆதி வேலையே. சீன எழுத்தெல்லாம் படம் என்று நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலானவை பாதி பொருள், பாதி ஓசை. அம்மாவுக்கு அங்கேயும் ‘மா’தான். எழுதும்போது இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. குதிரைக்குப் பெயர் ‘மா’, அதனால் ஓசைக்காக அது அங்கே நிற்கிறது. கம்பர் காலத்துத் தமிழிலும் குதிரைக்கு ‘மா’ என்று பெயர் என்பது ஒரு தற்செயல். தெரிந்த நாளில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை, வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

பெயர் விஷயத்தில்தான் எனக்கு இந்த எழுத்தின் மேல் ஏக்கம். அப்பாயியின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. தோட்டத்துத் தொழிலாளர் பதிவான செக்ரோலில் அது ளகரம், அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் லகரம், இன்னொரு தாளில் யகரம். காதில் விழுந்ததை எழுதியவர்கள் எழுதினார்கள். அவர் இறந்த பிறகு அவர் உழைத்த காசை எடுக்க அப்பா இரண்டு வருஷம் நடந்தார். மூன்று பெயரும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி முடிக்கவே அதில் பாதி போயிற்று. சீனர்கள் பெயர் சொன்னால் எழுத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ‘ஜாங்’ என்ற ஓசையில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பப் பெயர் இருக்கிறது. அதனால் “வில்லும் நீளமும் சேர்ந்த ஜாங்” என்பார் ஒருவர், “நிற்பதும் விடியலும் சேர்ந்த ஜாங்” என்பார் மற்றவர். என் அப்பாயிக்கும் அப்படிச் சொல்ல ஒரு வழி இருந்திருக்கலாம். “தமிழுக்கு வருகிற ழ” என்று எழுதுகிறவரிடம் சொல்லத் துணிகிற நிலையில் அன்று அவரை யாரும் வைத்திருக்கவில்லை.

தை மாதம் ஒரு அலுவலாகக் கொழும்புக்குப் போனபோது தேசிய அருங்காட்சியகத்துக்குள் போனேன். 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட பலகைக் கல் அங்கே இருக்கிறது. செங் ஹெ என்ற சீனக் கடற்தளபதி கொண்டுவந்தது, 1409 என்று தேதியிட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. ஒரே கல்லில் சீனம் மேலிருந்து கீழே இறங்குகிறது, தமிழ் இடமிருந்து வலம் போகிறது, பாரசீகம் வலமிருந்து இடம் வருகிறது. எழுத்து தேய்ந்துபோய்விட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தமிழ்ப் பகுதியில் எழுத்துத் தேடினேன். அரை மணி நேரம் நின்றிருப்பேன். காவலுக்கு நின்ற ஐயா “மாத்தயா, கிட்ட போக வேணாம்” என்று மெதுவாகச் சொன்னார்.

இப்போது ஒரு கொப்பியில் இருநூறு எழுத்து வரை சேர்ந்திருக்கிறது. நாளாந்த வாசிப்புக்கு என்று சீனாவில் 1988இல் போட்ட பட்டியலில் 3,500. 1716இல் முடிந்த காங்ஷி அகராதியில் 47,035. நம் 247இல் வளர்ந்த கைக்கு அது மலையளவு. நைட் சிப்ட்டில் ரோதை நிற்கிற நேரத்தில் டஸ்ட் தட்டில் ஒன்றை எழுதுவேன், தட்டைத் தட்டினால் அழிந்துவிடும், திரும்ப எழுதுவேன். கோட்டின் வரிசை பிழைத்தால் எழுத்து கோணுகிறது. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று கை பழகின பிறகுதான் நிமிர்ந்து நிற்கிறது.

மெசின் வந்த கிழமையே வால்வின் பக்கத்தில் ‘திற’, ‘மூடு’ என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தேன். ஈரத்தில் ஊறி அது உரிந்துவிட்டது. போன கிழமை புதிதாக எழுதிக்கொண்டு பசையோடு போனேன். இப்போது அந்த மெசினை ஓட்டுகிற தங்கச்சி கையைக் காட்டி மறித்தது.

“வேணாண்ணே. பொட்டு ரெண்டு வச்சது மூடு. எனக்குத் தெரியும்.”