பற்றா, வரவா? பி.பி.ஏ. முதல் செமஸ்டர் பிள்ளைகளுக்கு

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் பி.பி.ஏ. சேரும் பிள்ளைகளில் சயன்ஸ் குரூப்பிலிருந்து வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தண்ணி காட்டும் தாள் ஃபைனான்சியல் அக்கவுண்டிங். மேனேஜ்மெண்ட் தாளைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து படித்தாலும் தேறிவிடலாம், இது அப்படி மசியாது. கூட்டல் கழித்தல் தெரியாமல் யாரும் இதில் விழுவதில்லை. ஒரு சொல்தான் காலை வாருகிறது.

வீட்டில் பணம் வந்தால் அதற்குப் பேர் வரவு. வகுப்பில் பணம் வந்தால் டெபிட். தமிழ்ப் பாடநூலில் டெபிட் என்பது 'பற்று'. வந்த பணம் எப்படிப் பற்றாகும்? இதை முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட்டால் எத்தனையோ அரியர் குறையும்.

தெருமுனை அண்ணாச்சி கடையின் பற்று நோட்டைப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். அரிசி, புளி, எண்ணெய் என்று 640 ரூபாய்க்குக் கடனாக வாங்கிப்போனால் 'பற்று 640'. சம்பளம் வந்ததும் 500 கொடுத்தால் 'வரவு 500'. நிலுவை 140. அந்தப் பக்கம் அண்ணாச்சியுடையது இல்லை, அந்த வீட்டுக்காரருடையது. அவர் பெற்றது பற்று, அவர் தந்தது வரவு.

இப்போது கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாக வைத்து அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்த 500 ரூபாயைப் பெற்றது பெட்டி, ஆகவே ரொக்கக் கணக்கு டெபிட். தந்தவர் வீட்டுக்காரர், அவர் கணக்கு கிரெடிட், அதாவது வரவு. நாம் போட்ட பணம் பாஸ்புக்கில் கிரெடிட் என்று வருவதும் இதனால்தான். அது வங்கியின் பேரேட்டில், அதாவது கணக்குக்கு ஒரு பக்கம் ஒதுக்கும் ஏட்டில், நமக்கென்று இருக்கும் பக்கம்.

தெரிந்த கடையில் கேட்டு, ஆள் பேரை விட்டுவிட்டு, ஒரு வாரத்து வரவு செலவை எழுதி வாங்குங்கள். குறிப்பேடு (நடந்த வரிசையில் எழுதுவது), பேரேடு, இருப்பாய்வு (பேரேட்டு நிலுவைகளைப் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாக எடுத்தெழுதி, கூட்டுத்தொகை சமமா என்று பார்ப்பது) என்று வரிசையாகப் போடுங்கள். முதல் தடவை இருப்பாய்வு சரியாக வராது. வித்தியாசம் 630 என்று வைத்துக்கொள்வோம். முதலில் இரண்டு பக்கத்தையும் கீழிருந்து மேலாகக் கூட்டிப் பாருங்கள். அடுத்து 630 என்ற தொகை ஏதாவது பேரேட்டுக்குப் போகாமல் விடுபட்டதா என்று தேடுங்கள். பிறகு பாதி, அதாவது 315. அந்தத் தொகை இடம் மாறி எதிர்ப்பக்கம் ஏறியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாக, 630 ஆகத்தான் காட்டும். அதுவும் இல்லையென்றால் 9-ஆல் வகுங்கள். மீதியில்லாமல் 70 வருகிறது, ஆகவே இலக்கம் புரண்டிருக்கலாம்: 1,810 என்பதை 1,180 என்று எழுதியிருப்பீர்கள். வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில், அதாவது பிழை தெரியும்வரை நிறுத்திவைக்கும் கணக்கில், தள்ளுவது கேள்வியில் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும்.

சரியாக வந்துவிட்டாலும் நிம்மதி வேண்டாம். கடையின் உபயோகத்துக்கு வாங்கிய ஃபிரிட்ஜைக் கொள்முதலில், அதாவது விற்பதற்கு வாங்கும் சரக்கின் கணக்கில், எழுதியிருந்தால் இருப்பாய்வு அதைக் காட்டிக்கொடுக்காது. ஃபிரிட்ஜ் சொத்து. கொள்முதலில் ஏற்றினால் அந்த வருட லாபம் அவ்வளவுக்குக் குறைந்து நிற்கும்.

நம் ரொக்க ஏட்டின் வங்கி இருப்பையும் பாஸ்புக் இருப்பையும் பொருத்திப் பார்க்கும் வங்கிச் சரிகட்டும் பட்டியலுக்கும் அதே நோட்டு போதும். ரொக்க ஏட்டின்படி வங்கி இருப்பு 24,600. மொத்த வியாபாரிக்குக் கொடுத்த 3,000 ரூபாய் செக் இன்னும் வங்கிக்குப் போகவில்லை, கூட்டுங்கள். வங்கி பிடித்த கட்டணம் 118 நம் ஏட்டில் ஏறவில்லை, கழியுங்கள். பாஸ்புக்கில் 27,482 இருக்க வேண்டும். செக்கை ஏன் கூட்டுகிறோம் என்று தடுமாறினால், வங்கியின் பேரேட்டில் இருக்கும் நம் பக்கத்தை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 3,000 இன்னும் அங்கேதான் கிடக்கிறது.