மழைச் செய்திக்கும் பூட்டா?

ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தால் அடிவாரத்திலேயே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது இந்தப் பாதை என்ன பாடுபட்டது என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த மாதிரி நாளில் நமக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மேலே போக விடுகிறார்களா, குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டுமா? செய்தித் தளத்தைத் திறந்தால் தலைப்பு இருக்கிறது, இரண்டு வரி இருக்கிறது, மூன்றாவது வரி மங்கலாகி, மேலே வந்து உட்காருகிறது 'தொடர்ந்து படிக்க சந்தா செலுத்துங்கள்'. ராசிபலன் மட்டும் எந்தப் பூட்டும் இல்லாமல் திறந்துகிடக்கிறது!

காசு கேட்பது தப்பென்று நான் சொல்லவரவில்லை, மழையில் நனைந்துகொண்டே படம் எடுத்து அனுப்புகிற நிருபருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? நியூயார்க் டைம்ஸ் 2011 மார்ச்சில் மாதம் 20 கட்டுரை இலவசம், அதற்கு மேல் சந்தா என்று ஆரம்பித்தது. அதே பத்திரிகை 2020-ல் கொரோனா பரவியபோது அவசியமான செய்திகளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. மனசிருந்தால் முடியும்.

எரிச்சல் வருவது கேட்கிற விதத்தில்தான். முதலில் போன் நம்பர், அப்புறம் ஓடிபி, நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா, ஆப்பை இறக்குங்களேன், இதையெல்லாம் தாண்டிப் போனால் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று பிளான். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் போதும் என்பவனுக்கு வழியே இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் பேப்பர் வாங்கினால் கடைக்காரர் என் நம்பரையா கேட்கிறார்?

சந்தா கட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தானாகப் புதுப்பிக்கும் சந்தாவுக்குப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும், 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இது. யூபிஐ ஆட்டோபே வழியாகத் தானாகப் பணம் போகிறதென்றால் உங்கள் யூபிஐ ஆப்பிலேயே ரத்து செய்துவிடலாம், தளத்தில் ரத்து பட்டனைத் தேடி அலைய வேண்டாம்.

என்னைக் கேட்டால், ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் என்று வையுங்கள், ஸ்கேன் செய்துவிட்டுப் படித்துக்கொள்கிறேன். அரசியல் அலசல், சினிமா விமர்சனம் எதற்கு வேண்டுமானாலும் பூட்டுப் போடுங்கள். மலைப்பாதை மூடல், பள்ளி விடுமுறை, மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு உபரி நீர் திறக்கும் அறிவிப்பு, இதற்கெல்லாம் மட்டும் வேண்டாம்.