ஹஜ் அஞ்சல்தலையில் எதை வரைவது?

ஹஜ்ஜைச் சிறப்பித்து அஞ்சல்தலை வெளியிட நினைக்கும் எந்த அஞ்சல் துறைக்கும் முதலில் எழும் கேள்வி, அதில் எதை வரைவது என்பதுதான். ஒரு தலைவருக்கு என்றால் அவருடைய முகம் இருக்கிறது. ஓர் அணைக்கட்டுக்கு என்றால் அணையே இருக்கிறது. ஹஜ்ஜோ இஸ்லாமிய ஆண்டின் கடைசி மாதமான துல்ஹஜ் 8ஆம் நாள் தொடங்கி மினா, அரஃபா, முஸ்தலிஃபா, மீண்டும் மினா, மக்கா என்று இடம் மாறிச் சில நாட்களில் நிறைவேறும் ஒரு கடமை. எவருடைய உருவத்தையும் முன்னிறுத்த அதில் இடமில்லை.

மக்காவும் மதீனாவும் அமைந்த ஹிஜாஸ் பகுதியின் முதல் அஞ்சல்தலைகளே இந்தத் தயக்கத்தோடுதான் பிறந்தன. அவை ஹஜ்ஜுக்கென வெளியிடப்பட்டவை அல்ல. 1916இல் உதுமானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த மக்காவின் ஆளுநரான ஷரீஃப் ஹுசைனின் அரசு, தான் தனி அரசு என்று உலகுக்குக் காட்டுவதற்காக வெளியிட்டவை. யோசனை, கெய்ரோவிலிருந்த பிரிட்டிஷ் அதிகாரி ரொனால்ட் ஸ்டோர்ஸுடையது. ஷரீஃப் தரப்பிலிருந்து முதலில் வந்த மாதிரிப் படம், இஸ்லாமியக் கட்டடக் கலையைக் காட்டுவதாகச் சொல்லப்பட்டாலும், தமக்கு இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தையே நினைவூட்டியது என்று ஸ்டோர்ஸ் தம் நினைவுக் குறிப்பில் கேலியாக எழுதியிருக்கிறார். பின்னர் அவரும் பிரிட்டிஷ் அதிகாரி டி. இ. லாரன்ஸும் கெய்ரோவின் அரபு அருங்காட்சியகத்துக்குச் சென்று பழைய அலங்கார வேலைப்பாடுகளில் மாதிரி தேடினார்கள். சுல்தான் பர்கூக் பள்ளிவாசலின் குர்ஆன் பிரதியில் இருந்த பக்க அலங்காரம், மேல் எகிப்தின் கூஸ் நகரப் பள்ளிவாசலின் மிஹ்ராப் என்னும் தொழுகை மாடத்தின் வேலைப்பாடு, இவற்றோடு கெய்ரோ ரயில் நிலைய வாசலின் சுதைப் பூவேலையும் தேர்வாயிற்று. நடுவில் 'மக்கா அல்முகர்ரமா' என்ற எழுத்து. சுற்றிலும் கொடியும் பின்னலும். உருவமே இல்லை. புனித நகரின் பெயரைச் சுமந்த தலையில் ரயில் நிலைய வாசல் இடம்பிடித்ததை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்; ஆனால் அச்சில் அந்தத் தலைகளின் அழகுக்கு ஈடாகப் பின்னால் வந்தவற்றில் மிகச் சிலவற்றையே சொல்ல முடியும்.

சவூதி அரேபியா பல பத்தாண்டுகளாக ஏறத்தாழ ஆண்டுதோறும் ஹஜ்ஜுக்கு நினைவு அஞ்சல்தலை வெளியிட்டு வந்திருக்கிறது. அவற்றில் மனிதர்கள் வரும்போது பெரும்பாலும் தொலைவிலிருந்து பார்த்த கூட்டமாகவே வருகிறார்கள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாலும் கஅபாவைச் சுற்றி வலம்வரும் தவாஃப் செய்பவர்கள் அச்சு மையின் வெண்புள்ளிகளாகக் கரைந்துவிடுகிறார்களே தவிர, ஒருவரைப் பிரித்தறிய முடிவதில்லை. தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணிகளில் அரசனும் கூலியாளும் ஒன்றாகிவிடும் இஹ்ராம் என்ற யாத்திரை நிலையை, ஓவியர் எண்ணிச் செய்தாரோ இல்லையோ, தலையின் சிறிய அளவே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நினைவுத் தலைகளைவிட நம் ஊர்ப்பக்கம் அதிகமாக வந்து சேர்ந்தவை வழக்கமான கடிதங்களில் ஒட்டும் அன்றாடத் தலைகள்தாம். 1976இல் தொடங்கிய சவூதியின் அன்றாட வரிசைகள் இரண்டு: ஒன்றில் கஅபா, மற்றதில் அல் கஃப்ஜியின் கடல் எண்ணெய்த் துரப்பண மேடை. எண்பதுகளில் அங்கே வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு எழுதிய கடித உறைகளில் இரண்டையும் பார்க்கலாம். ஆட்களை அங்கே இழுத்தது எண்ணெய்ப் பணம்; போனவர்கள் ஊதியத்தோடு உம்ரா என்னும் சிறு யாத்திரைக்கோ ஹஜ்ஜுக்கோ வாய்ப்புக் கிடைக்கும் என்றும் எண்ணியிருந்தார்கள். அந்த இரண்டு காரணங்களையும் ஓர் அரசு தன் அன்றாடத் தலைகளிலேயே அடுத்தடுத்து அச்சிட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் எண்ணெய் மேடை ஒட்டிய உறை அடுப்புக்குப் போகும். கஅபா ஒட்டிய உறையிலிருந்து தலையை மட்டும் கத்தரித்து என் பாட்டி குர்ஆன் வைக்கும் அலமாரியில் போட்டுவைப்பார். கஅபாவின் மீது அஞ்சல் முத்திரையைக் குத்துவது சரிதானா என்ற கேள்வி அவருக்கு இருந்தது. முத்திரை விழாத தலைகளைச் சேகரிப்பாளர் விரும்புவது விலைக்காக. பாட்டியின் காரணம் வேறு.

ஹஜ் தலைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை கஅபாவைக் காட்டாதவை. சில ஆண்டுகளில் மீக்காத் எல்லைகளில் உள்ள பள்ளிவாசல்கள் படமாயின. மக்காவை நோக்கி வரும் பயணி இஹ்ராம் நிலைக்கு மாறாமல் கடக்கக் கூடாத எல்லைகள் அவை: மதீனாவாசிகளுக்கு துல்ஹுலைஃபா, சிரியா, எகிப்து வழியாக வருபவர்களுக்கு ஜுஹ்ஃபா, நடு அரேபியாவின் நஜ்து பகுதிக்குக் கர்னுல் மனாஸில், ஈராக்குக்கு தாத்து இர்க், யமன் வழியாக வருபவர்களுக்கு யலம்லம். கடல்வழியாகப் போன நம்மவர்களுக்கு யலம்லம்தான் எல்லை. அதன் நேர்க்கோட்டைக் கப்பல் நெருங்கும்போது இஹ்ராம் அணிந்து, தல்பியா என்ற யாத்திரை முழக்கத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். பம்பாயிலிருந்து போன ஹஜ் கப்பல்கள் 1995உடன் நின்றுவிட்டன. இப்போது விமானத்திலேயே அறிவிப்பு வருகிறது. படத்தில் இருப்பது ஓர் எளிய பள்ளிவாசல்தான் என்றாலும், ஹஜ்ஜின் சட்டம் எங்கே தொடங்குகிறது என்பதை அந்தத் தலை சொல்லிவிடுகிறது. மினாவின் கூடாரங்களை வானிலிருந்து எடுத்த படங்கள் பார்வைக்குப் பிரமாதம்; சொல்வது குறைவு.

இவற்றை அடுக்கும் சேகரிப்பாளர்களுக்கு ஒரு யோசனை. ஆல்பத்தில் ஆங்கில ஆண்டைத் தலைப்பாக இடாதீர்கள். இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாட்கள் குறைவு என்பதால் ஹஜ் பருவம் ஆங்கில நாட்காட்டியில் ஒவ்வோர் ஆண்டும் சற்று முன்னதாகவே வந்துகொண்டிருக்கும். 1426ஆம் ஆண்டின் ஹஜ்ஜும் 1427ஆம் ஆண்டின் ஹஜ்ஜும் ஒரே 2006இல், ஒன்று ஜனவரியிலும் மற்றது டிசம்பரிலுமாக விழுந்தன. பல தலைகளில் ஹஜ் என்ற சொல்லோடு ஹிஜ்ரி ஆண்டும் அரபு எண்களில் அச்சாகியிருக்கும்; பத்து இலக்கங்களைப் பழகிக்கொண்டால் போதும், அதைப் பார்த்தே வரிசைப்படுத்திவிடலாம்.